ரைன் நதியும் கணக்கேட்டில் இல்லாத செலவும்

1986ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி. ஸ்விட்சர்லாந்து நாட்டின் பாசல் நகர மக்கள் பொழுது விடிவதற்கு முன்பே அபாயச் சங்கின் ஒலி கேட்டு விழித்தெழுந்தனர். கதவு, சன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. காற்றில் அழுகிய முட்டையைப் போன்ற நாற்றம். விடிந்த பிறகு பார்த்தால், நகரின் நடுவே ஓடும் ரைன் நதியின் நீர் சிவப்பாக இருந்தது!

நதி சிவந்ததற்கும், அடுத்த ஆண்டு அதே நாட்டின் ஒரு பல்கலைக் கழகத்தில் வணிகம் படித்த மாணவர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்ததற்கும் தொடர்பு உண்டு. வேதியியல் மாணவர்கள் நதியைப் பற்றிக் கவலைப்பட்டால் அதில் வியப்பில்லை. கணக்கும் நிர்வாகமும் படிப்பவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த இரவில் நடந்ததைப் பார்ப்போம்.

தீயை அணைத்த நீரே நஞ்சானது

பாசல் நகருக்கு அருகே, ரைன் நதிக் கரையில் ஷ்வைட்சர்ஹாலே என்ற இடம் இருக்கிறது. அங்கே சாண்டோஸ் என்ற இரசாயன நிறுவனத்தின் கிடங்கு ஒன்று இருந்தது. அதில் ஏறத்தாழ 1,350 டன் இரசாயனப் பொருள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகள். பாதரசம் கலந்த மருந்துகளும், ரோடமின் என்ற சிவப்புச் சாயமும் அங்கே இருந்தன.

நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் கிடங்கு தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்தனர். பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவிவிட்டால் பெரும் ஆபத்து. ஆகவே இடைவிடாமல் தண்ணீரைப் பாய்ச்சினர். அவர்கள் பாய்ச்சிய நீர் 10,000 கன மீட்டருக்கும் மேல். அதாவது ஒரு கோடி லிட்டருக்கும் அதிகம்! சில மணி நேரத்தில் தீ அடங்கியது.

ஆனால் அவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று? கிடங்கில் இருந்த மருந்துகளைக் கரைத்துக்கொண்டு வடிகால் வழியாக ரைன் நதியில் இறங்கிவிட்டது. 20 முதல் 30 டன் வரை நஞ்சு நதியில் கலந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

ரைன் சாதாரண நதி அல்ல. ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லைகளைத் தொட்டு, நெதர்லாந்து வழியாகக் கடலில் கலக்கும் இந்த நதியின் நீளம் சுமார் 1,230 கிலோமீட்டர். இதன் நீரைக் குடிநீராகப் பயன்படுத்துவோர் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர். நஞ்சு கலந்த நீர் கீழே இறங்க இறங்க, கரையோரத்துக் குடிநீர் நிலையங்கள் ஒவ்வொன்றாக நதி நீர் எடுப்பதை நிறுத்தின. சில ஊர்களுக்கு வண்டிகளில் தண்ணீர் கொண்டு போக வேண்டியதாயிற்று.

விலாங்குகள் ஏன் மடிந்தன?

அந்த விபத்தில் மிகுதியாக மடிந்தவை விலாங்கு மீன்கள். பாசலுக்குக் கீழே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவுக்கு அவை செத்து மிதந்தன. மடிந்த விலாங்குகள் மட்டும் சுமார் 1,50,000 என்பது மதிப்பீடு. விலாங்கு நதியின் அடித்தளத்தில் வாழ்வது. தண்ணீரைவிட அடர்த்தியான நஞ்சும் அங்கேதான் படிந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மக்கள் கண்ணில் பட்டது சிவப்பு நிறம். ஆனால் மீன்களைக் கொன்றது முக்கியமாக அந்தச் சாயம் அல்ல. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளே கொன்றன. அவை நீரில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இந்த நஞ்சு எப்படி வேலை செய்கிறது? நாம் கையை அசைக்க நினைத்தவுடன் நரம்பின் முனையில் அசிடைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. அது தசைக்குச் 'சுருங்கு' என்று செய்தி சொல்கிறது. செய்தி சொல்லி முடித்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது, தசை தளர்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அழைப்பு மணியின் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் அடிக்கும் அல்லவா? அதைப் போலத் தசைக்கு ஓயாமல் செய்தி போய்க்கொண்டே இருக்கும். முடிவில் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். பூச்சிக்கும் மீனுக்கும் மனிதனுக்கும் நரம்பு மண்டலத்தில் இந்த நொதி வேலை செய்கிறது. ஆகவே பூச்சிக்காகச் செய்த மருந்து மீனையும் விட்டுவைக்கவில்லை.

தவறு வேதியியலிலா, நிர்வாகத்திலா?

தீ எப்படிப் பற்றியது என்பதை ஆராய்ந்தவர்கள், பிரஷ்ய நீலம் என்ற வண்ணப் பொருளின் மூட்டைகளை முந்திய நாள் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டியபோது பொறி பட்டு, அது வெளியே தெரியாமல் கனன்றிருக்கலாம் என்று கருதினர். ஆனால் தீப்பற்றியதால் மட்டும் நதி நஞ்சாகவில்லை. தீயை அணைத்த நீரைத் தேக்கி நிறுத்த அங்கே ஒரு தொட்டி இல்லை. தொட்டி இருந்திருந்தால் கிடங்கு எரிந்திருக்கும், நதி தப்பியிருக்கும்.

1981ஆம் ஆண்டிலேயே ஒரு காப்பீட்டு நிறுவனம் கிடங்கைப் பார்வையிட்டு, தீயணைக்கும் நீர் நதியில் கலக்கும் ஆபத்தைச் சுட்டிக் காட்டியிருந்தது என்று விபத்துக்குப் பின் செய்தி வெளியாயிற்று.

தொட்டி கட்டுவதா, வேண்டாமா என்பதை வேதியியல் நிபுணர் மட்டும் முடிவு செய்வதில்லை. செலவுக் கணக்கைப் பார்த்து நிர்வாகிகள் முடிவு செய்கிறார்கள். அந்த நிர்வாகிகள் எங்கே படித்து வருகிறார்கள்? வணிகவியல் கல்லூரிகளில்! இப்போது அந்த மாணவர்களின் கவலை புரிகிறதல்லவா?

ஒரே கணக்கு, இரண்டு விடைகள்

நிர்வாகி போடும் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் யாவும் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை.

ஒரு கிடங்குக்குத் தேக்கத் தொட்டி கட்ட 20 லட்சம் ரூபாய் ஆகும். ஓர் ஆண்டில் தீ விபத்து நேர 100-ல் ஒரு வாய்ப்பு உண்டு. கிடங்கு 20 ஆண்டுகளுக்குப் பயன்படும். ஆகவே மொத்தத்தில் விபத்து நேர்வதற்கான வாய்ப்பு சற்றேறக்குறைய 100-ல் 20. அதாவது ஐந்தில் ஒன்று.

விபத்து நேர்ந்தால் நிறுவனத்துக்கு வரும் நட்டம் 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 10 லட்சம். கணிதத்தில் இதை எதிர்பார்ப்பு மதிப்பு என்பார்கள். 10 லட்சம் நட்டத்தைத் தவிர்க்க 20 லட்சம் செலவழிப்பதா? 'தொட்டி வேண்டாம்' என்பதுதான் விடை.

இப்போது மற்றொரு கணக்கு. மீனவர் வருமானம், குடிநீர், நதியின் உயிரினங்கள், மக்களின் உடல்நலம் எல்லாம் சேர்ந்து வெளியாருக்கு வரும் நட்டம் 10 கோடி ரூபாய் என்போம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 2 கோடி. 2 கோடி நட்டத்தைத் தவிர்க்க 20 லட்சம் செலவழிக்கலாமா? 'உடனே தொட்டி கட்டு' என்பது விடை.

இரண்டு கணக்கிலும் கூட்டலும் பெருக்கலும் சரிதான். எவருடைய நட்டத்தைச் சேர்த்தோம், எவருடையதை விட்டோம் என்பதில்தான் வேறுபாடு. இப்படி ஒருவர் செய்யும் தொழிலால் வேறு எவரோ சுமக்கும் செலவைப் பொருளியலார் புறச்செலவு என்பார்கள். இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ 1920-ல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கியிருக்கிறார். புகைபோக்கியிலிருந்து வரும் கரி, சுற்றியுள்ள வீட்டுக்காரர்களின் துணிகளை அழுக்காக்குகிறது. அந்தச் சலவைச் செலவு தொழிற்சாலையின் கணக்கில் வருவதில்லை. புகையை வெளிவிடுபவரிடம் அதற்கு ஏற்ற வரி வாங்கினால் அவரும் அந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பார் என்பது பிகூ சொன்ன வழி.

செயின்ட் காலன் மாணவர்கள்

ஸ்விட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில் செயின்ட் காலன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1898-ல் தொடங்கிய வணிகக் கல்விக்கூடம், பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற பல்கலைக் கழகமாக வளர்ந்தது. வங்கிகளையும் பெரிய நிறுவனங்களையும் நடத்தப் போகும் பலர் அங்கே படித்து வெளிவருகிறார்கள்.

1986ஆம் ஆண்டு ஐரோப்பியர்களுக்கு மறக்க முடியாத ஆண்டு. ஏப்ரல் 26-ல் அன்றைய சோவியத் நாட்டில் செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தது. அதன் கதிரியக்கத் தூசு காற்றில் பறந்து ஸ்விட்சர்லாந்து வரை வந்தது. நவம்பரில் ரைன் நதி சிவந்தது. பாசல் தெருக்களில் ஆயிரக்கணக்கான மக்கள் கண்டன ஊர்வலம் போனார்கள்.

செயின்ட் காலன் மாணவர்கள் தங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு பொருளை எப்படிக் குறைந்த செலவில் செய்வது, எப்படி விற்பது, இலாபத்தை எப்படிக் கணக்கிடுவது என்பவை எல்லாம் அதில் இருந்தன. நதிக்கு வரும் செலவை எந்தப் பாடம் சொல்லித் தருகிறது? இந்தக் கேள்வியோடு சில மாணவர்கள் 1987-ல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஓய்கோஸ்'.

ஒரு சொல்லில் பிறந்த இரண்டு அறிவியல்கள்

ஓய்கோஸ் என்பது கிரேக்கச் சொல். 'வீடு' என்று பொருள். வீட்டை நிர்வகிக்கும் முறையைப் பண்டைக் கிரேக்கர் ஓய்கோனோமியா என்றனர். பொருளியலைக் குறிக்கும் 'எகனாமிக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்ததே. 1866-ல் ஜெர்மானிய உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு ஒரு பெயர் தேடினார். அவரும் அதே ஓய்கோஸை எடுத்து 'எகாலஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். அதைத்தான் நாம் சூழலியல் என்கிறோம்.

ஒன்று வீட்டை நடத்தும் கலை. மற்றொன்று வீட்டை அறியும் அறிவியல். பொருளியல், சூழலியல் என்று தமிழில் சொல்லும்போது இந்த உறவு நமக்குத் தெரிவதில்லை. வீடு எப்படி இயங்குகிறது என்று தெரியாதவர் வீட்டை எப்படி நடத்த முடியும்? மாணவர்கள் அந்தப் பெயரை வைத்ததன் கருத்து இதுவே.

விதைநெல்லை உண்ணாமல்...

அதே 1987ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. நார்வே நாட்டின் பிரதமர் குரோ ஹார்லெம் புருன்ட்லாந்து தலைமையில் ஐக்கிய நாடுகள் அமைத்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வரும் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் நம் தேவைகளை நிறைவு செய்துகொள்வதே நல்ல வளர்ச்சி என்பது அந்த அறிக்கையின் சாரம். இதை வளங்குன்றா வளர்ச்சி என்கிறோம்.

நம் உழவர்களுக்கு இது புதிய கருத்து அல்ல. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைக்கக் கூடாது என்பது அவர்கள் அறிந்ததே. ஐரோப்பாவிலும் இக்கருத்து காட்டிலிருந்துதான் வந்தது. ஜெர்மனியின் சாக்ஸனி பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உருக்கு உலைகளுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடுகள் அழிந்து வந்தன. சுரங்க நிர்வாகியான ஹன்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ் 1713-ல் ஒரு நூல் எழுதினார். காடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவே வெட்ட வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அவர் வனத்துறை அறிஞர் அல்லர். ஒரு தொழிலை நடத்திய நிர்வாகி என்பது நினைவில் வைக்கத் தக்கது.

வகுப்பறையில் என்ன மாறியது?

ஓய்கோஸ் மாணவர்கள் ஊர்வலம் போவதோடு நிற்கவில்லை. தொழில் அதிபர்களையும், சூழலியல் அறிஞர்களையும், பேராசிரியர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து விவாதிக்கச் செய்தார்கள். சுற்றுச்சூழலைப் பற்றிய பாடம் வேண்டும் என்று பல்கலைக் கழகத்தைக் கேட்டார்கள். 1992-ல் செயின்ட் காலன் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரத்தையும் சூழலையும் சேர்த்து ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. பிற நாட்டு மாணவர்களும் தங்கள் பல்கலைக் கழகங்களில் கிளைகள் தொடங்க, ஓய்கோஸ் உலகளாவிய அமைப்பாக வளர்ந்தது.

வணிகக் கல்வியில் 'கேஸ்' என்ற ஒரு முறை உண்டு. ஓர் உண்மை நிறுவனம் சந்தித்த சிக்கலை எழுதி மாணவர்களிடம் தருவார்கள். 'நீங்கள் நிர்வாகியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பது போல, நிர்வாக மாணவர் இப்படிக் கற்கிறார். ஆனால் சூழல் தொடர்பான சிக்கல்கள் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவாக இருந்தன. பாடம் நடத்தச் சொன்னால் ஆசிரியர் எதை வைத்து நடத்துவார்? ஆகவே 2003-ல் ஓய்கோஸ் கேஸ் எழுதும் போட்டி ஒன்றைத் தொடங்கியது. சூழலும் சமுதாயப் பொறுப்பும் பற்றிய நல்ல கேஸ்களுக்குப் பரிசு தந்தது. மாணவர்கள் நடத்தும் போட்டியில் பேராசிரியர்கள் கலந்துகொள்வது வேடிக்கைதான், இல்லையா?

இத்தகைய வகுப்புகளில் மாணவர் கற்கும் கருவிகளில் ஒன்று வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. ஒரு பொருளின் கதையைப் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கிடுவது அது. ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அதற்கு ஒரு விலை. ஆனால் பருத்தி விளைய நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். சாயமிட்ட பின் கழிவு நீர் வரும். ஏற்றிச் செல்ல டீசல் எரியும். துவைக்கும்போது மீண்டும் நீர். கடைசியில் கந்தலாகிக் குப்பைக்குப் போகும். நீர்க் கணக்கு மட்டும் பார்த்தால், ஒரு சட்டைக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் என்று அறிஞர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் பெரும் பகுதி பருத்திச் செடி குடிக்கும் மழை நீரும் பாசன நீருமே. இவ்வாறு கணக்கிட்டால்தான், எந்தக் கட்டத்தில் மாற்றம் செய்தால் மிகுந்த பயன் கிடைக்கும் என்று தெரியும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவிலும் இதே போன்ற முயற்சிகள் எழுந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழக மாணவர்கள் சிலர் 1989-ல் தங்கள் வளாகத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு குப்பை என்று கணக்கெடுத்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். 1993-ல் 'பொறுப்புள்ள வணிகத்துக்கான மாணவர்கள்' என்ற அமைப்பு அமெரிக்காவில் தோன்றியது. பின்னர் அது நெட் இம்பாக்ட் என்று பெயர் பெற்றது.

2007-ல் ஐக்கிய நாடுகளின் ஆதரவோடு, பொறுப்புள்ள நிர்வாகக் கல்விக்கான கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொள்ளும் கல்விக்கூடங்கள் தாம் செய்ததைக் குறித்து அவ்வப்போது அறிக்கை தர வேண்டும். 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தபோது, வங்கிகளை நடத்தியவர்கள் என்ன படித்தார்கள் என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் எம்.பி.ஏ. முடித்த மாணவர்கள், மருத்துவர்கள் உறுதிமொழி எடுப்பது போல, நேர்மையாக நிர்வாகம் செய்வோம் என்று ஓர் உறுதிமொழி தயாரித்துக் கையொப்பமிட்டார்கள்.

2018-ல் பிரான்ஸ் நாட்டில் உயர்கல்விக் கூடங்களின் மாணவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சூழலைக் கெடுக்கும் நிறுவனங்களில் வேலைக்குச் சேருவதை மறுபரிசீலனை செய்வோம் என்றது அது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் கையொப்பமிட்டனர். 2020-ல் தொடங்கிய ஒரு மதிப்பீட்டு முறையில், வணிகக் கல்லூரிகளுக்கு மாணவர்களே மதிப்பெண் போடுகிறார்கள்! பட்டதாரிகள் வாங்கும் சம்பளத்தை வைத்து அல்ல. கல்லூரியால் உலகத்துக்கு என்ன நன்மை என்பதை வைத்து.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. பல இடங்களில் இந்தப் பாடங்கள் விருப்பப் பாடங்களாகவே இருக்கின்றன. ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களே அவற்றை எடுக்கிறார்கள். நிதிப் பாடத்தில் இலாபத்தைப் பெருக்கச் சொல்லிவிட்டு, சூழல் பாடத்தில் நதியைக் காக்கச் சொன்னால் மாணவர் எதைப் பின்பற்றுவார்?

உறுதிமொழிக்கும் ஒரு குறை உண்டு. கடமை தவறிய மருத்துவரின் உரிமத்தைப் பறிக்க அமைப்பு இருக்கிறது. உறுதிமொழியை மீறிய நிர்வாகியைக் கேட்பார் யார்? உள்ளே ஒன்றும் மாற்றாமல் விளம்பரத்தில் மட்டும் பசுமை பேசும் நிறுவனங்களும் உண்டு. மாணவர் சங்கங்களுக்கோ வேறொரு தொல்லை. தொடங்கியவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். அடுத்து வருபவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செயின்ட் காலனில் பிறந்த சங்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம், ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் அதைத் தோளில் ஏற்றுக்கொண்டதுதான்.

நதி மீண்டது

ரைன் நதியின் கதை துயரத்தோடு முடியவில்லை. கரையோர நாடுகள் 1987-ல் ஒன்றுகூடி ஒரு செயல்திட்டம் வகுத்தன. நதியில் கலக்கும் நச்சுப் பொருள்களை 1995-க்குள் பாதியாகக் குறைப்பது, 2000-க்குள் சால்மன் மீன் மீண்டும் வரும்படி செய்வது என்பவை அதன் இலக்குகள். இரசாயன நிறுவனங்கள் தேக்கத் தொட்டிகள் கட்டின. ஸ்விட்சர்லாந்து 1991-ல் பெரு விபத்துகளைத் தடுப்பதற்கென்றே புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ரைனை விட்டு மறைந்தே போயிருந்த சால்மன்கள் 1990களில் திரும்பி வரத் தொடங்கின. எவருடைய செலவு என்று முன்பு தட்டிக் கழித்தார்களோ, அது கணக்கில் ஏறியவுடன் வழியும் பிறந்தது!

நம் நாட்டில்

ரைன் விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால் நகரில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை நாம் அறிவோம். பாதுகாப்புக்கு ஆகும் செலவைக் கணக்கில் குறைத்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

1991-ல் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம், பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பயனாகப் பின்னர் பட்டப் படிப்பு மாணவர் யாவருக்கும் சுற்றுச்சூழல் ஒரு பாடமாயிற்று. நாளை நீங்கள் வணிகவியல் படித்தாலும், பொறியியல் படித்தாலும் அந்தப் பாடப் புத்தகம் உங்கள் கைக்கு வரும். தேர்வுக்காக மட்டும் அதைப் புரட்டாமல், உங்கள் துறையோடு அது எங்கே பொருந்துகிறது என்று ஆசிரியரைக் கேளுங்கள்.

நீங்களும் ஒரு கணக்கு எடுங்கள்

கல்லூரிக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, தலைமையாசிரியரின் அனுமதியோடு உங்கள் பள்ளியையே ஆராயலாம்.

1. தண்ணீர்: சொட்டும் குழாய் ஒன்றின் கீழ் அளவு குறித்த பாத்திரத்தை வைத்து, பத்து நிமிடத்தில் சேரும் நீரை அளந்து பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஆகவே ஒரு நாளில் வீணாவது 4 லிட்டருக்கும் மேல்!

2. மின்சாரம்: உணவு இடைவேளையில் ஆளில்லாத வகுப்புகளில் எரியும் விளக்குகளை எண்ணுங்கள். 30 வகுப்பு, வகுப்புக்கு இரண்டு 40 வாட் குழல் விளக்கு என்றால் 2,400 வாட். ஒரு மணி நேரத்துக்கு 2.4 யூனிட். பள்ளி நடக்கும் 200 நாளுக்கு 480 யூனிட். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்குச் சற்றேறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. அப்படியானால் எவ்வளவு நிலக்கரி? நீங்களே கணக்கிடுங்கள். எல்.இ.டி. விளக்குகளானால் ஏறக்குறைய பாதி போதும்.

3. தாளும் குப்பையும்: ஒரு வாரக் குப்பையைத் தாள், உணவு, பிளாஸ்டிக் என்று பிரித்து எடை போடுங்கள். கையுறை அணிய மறக்க வேண்டாம். இவற்றில் உரமாகக் கூடியது எவ்வளவு, மறுபடி பயன்படக் கூடியது எவ்வளவு என்று குறியுங்கள்.

பிறகு ஒரு தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள். முதலில் பொருள், அடுத்து பள்ளி அதற்குக் கட்டும் பணம், மூன்றாவது, பள்ளி கட்டாமல் வேறு யாரோ சுமக்கும் செலவு, நான்காவது, அதைக் குறைக்கும் வழி. மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் கடினம். குப்பை எங்கே போகிறது, கழிவு நீர் எந்த ஏரியில் கலக்கிறது, நிலக்கரிச் சாம்பல் எந்த ஊரில் கொட்டப்படுகிறது என்று விசாரித்தால்தான் அது நிரம்பும். முடிந்தவுடன் தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். குழாயைப் பழுது பார்க்க ஆகும் செலவையும் உடன் எழுதிக் கொடுத்தால் அவர் முடிவு செய்வது எளிதாக இருக்கும்.

செயின்ட் காலன் மாணவர்கள் தம் பாடப் புத்தகத்தில் தேடியது அந்த மூன்றாவது பத்தியைத்தான். நாளை உங்களில் ஒருவர் கணக்கராகலாம், ஆலை மேலாளராகலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். அப்போது உங்கள் மேசைக்கும் ஒரு தேக்கத் தொட்டியின் செலவு மதிப்பீடு வரும். கையொப்பமிடுவதற்கு முன், அந்தப் பத்தி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.